வீட்டில் படித்த பதினைந்து மாதங்கள்



"மௌலவி, பிள்ளையைப் பாடசாலையை விட்டு நிறுத்தி வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கலாமா?" அண்மைக் காலமாக இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். பரீட்சைச் சுமையைக் கண்டு அஞ்சிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். போக்குவரத்துச் செலவைத் தாங்க முடியாமல் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இன்னும் சிலர், "பெண் பிள்ளைதானே, இவ்வளவு படித்தது போதாதா?" என்ற எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கேள்வி ஒன்றாக இருந்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் நோக்கங்கள் ஒன்றல்ல.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பிள்ளைக்குக் கல்வி அளிப்பது பெற்றோரின் விருப்பத்துக்கு விடப்பட்ட விடயம் அல்ல. 1998ஆம் ஆண்டு முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. எனவே எண்ணிய மாத்திரத்தில் பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து வெட்டிக்கொண்டு வருவது சரியல்ல.

ஆனால் வேறு வழியே இல்லாமல் வீட்டையே பாடசாலையாக்கிக்கொண்ட குடும்பம் ஒன்றை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அது என் தங்கையின் குடும்பம். அவளுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். வீட்டில் எதைப் படிப்பிக்கலாம், எதற்காகப் படிப்பிக்க வேண்டும் என்பதை என் கிதாபுகளைவிட அந்த வீட்டில்தான் நான் தெளிவாகக் கண்டேன்.

நோய் வந்த விதம்

தங்கை வாழ்க்கைப்பட்டது மாவனல்லைப் பக்கம். மச்சான் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். மூன்று பிள்ளைகள், மூத்தது மகள், மற்ற இருவரும் பையன்கள். எங்கள் உம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறா.

2021 ஜூன் மாதம், கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடிக் கிடந்த நேரம். ஒன்பது வயதான மகளின் கண் இமைகள் காலையில் வீங்கியிருந்தன. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தார்கள். நாலாம் நாள் காலும் வீங்கியது, வயிறும் ஊதியது. வைத்தியசாலையில் சோதித்துவிட்டு, 'நெப்ரோட்டிக் சின்ட்ரோம்' என்றார்கள். இரத்தத்தில் தங்க வேண்டிய புரதத்தைச் சிறுநீரகங்கள் வடித்து வெளியே விட்டுவிடும் நோய் அது. பிள்ளைகளுக்கு வரும் இந்த நோயில் பெரும்பாலானவை பிரெட்னிசொலோன் குளிசைக்குக் கட்டுப்படும். ஆனால் தடிமன், காய்ச்சல் ஏதேனும் வந்தால் மீண்டும் தலைகாட்டும். குளிசையோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்.

அந்த ஒக்டோபரில் பாடசாலைகள் திறக்கத் தொடங்கியபோது மகளுக்கு இரண்டாம் தடவையாக நோய் திரும்பியிருந்தது. "குளிசையின் அளவு குறையும் வரை கூட்டத்துக்குள் அனுப்ப வேண்டாம், வீட்டிலேயே படிக்கட்டும்" என்று வைத்தியர் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அன்றிரவு தங்கை எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். "நானா, இவளுக்கு நான் என்னத்தப் படிச்சுக் குடுக்கிற? நான் ஓ.எல். வரைக்கும்தானே படிச்ச?" என்றாள். அடுத்த நாளே அயல்வீட்டு மாமி ஒருவர் வந்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்: "பொம்புளப் புள்ளதானே, அதுவும் வருத்தக்காரப் புள்ள. இனி வீட்டோட வச்சி ஓதவும் தைக்கவும் பழக்கினாப் போதும்." அன்பினால் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்ட மகள் தன் புத்தகப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாளாம்.

தங்கை பையை வெளியே இழுத்துத் தூசு தட்டி மேசைமேல் வைத்தாள். வைத்தியரின் கடிதத்தை அதிபரிடம் கொடுத்து, மகளின் பெயர் இடாப்பில் இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகுப்பாசிரியையிடம் போய் அந்த வாரப் பாடங்களை வாங்கி வந்தாள். இந்தப் படிப்பு பாடசாலைக்குத் திரும்பிப் போவதற்கான படிப்பு என்பதை அவள் முதல் நாளே முடிவு செய்துவிட்டாள்.

சந்திரன் கொப்பி

குளிசை தொடங்கிய சில வாரங்களில் மகளின் முகம் உருண்டு ஊதிவிட்டது. அந்த மருந்தின் பக்கவிளைவு அது. கிளினிக்கில் ஒரு வைத்தியர் மற்றவருக்கு 'சந்திர முகம்' என்று ஆங்கிலத்தில் சொன்னது பிள்ளையின் காதில் விழுந்திருக்கிறது. தெருப் பிள்ளைகள் வேறு 'பூசணிக்காய்' என்று கூப்பிட்டார்கள். அதன் பிறகு அவள் முன்வாசலுக்கே வருவதில்லை. கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள்.

தங்கை உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு காற்சட்டைப் பொத்தானை வைத்து வட்டம் வரைந்து கொடுத்தாள். "மகரிபுக்குப் பிறகு கொல்லைப் பக்கம் போய்ச் சந்திரனைப் பார். எந்த அளவு வெளிச்சமோ அந்த அளவு வட்டத்தை வெள்ளையாக விட்டு மிச்சத்தைக் கறுப்பாக்கு. கீழே திகதியும் நேரமும் எழுது" என்றாள். கொல்லையில் தெருப் பிள்ளைகள் இல்லை, மகள் போனாள்.

இரண்டு மாதம் வரைந்த பிறகு, சந்திரன் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி உதிக்கிறது என்பதை அவளே கணக்கிட்டுச் சொன்னாள். நமது மாதம் ஏன் சில வேளை 29 நாளிலும் சில வேளை 30 நாளிலும் முடிகிறது, கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் ஏன் மாதாமாதம் பிறை பார்க்கக் கூடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அந்தக் கொப்பியிலிருந்தே விளங்கியது. கடைசியில் ஒரு நாள் அவளாகவே கேட்டாள்: "உம்மா, என்ட முகமும் இப்படித் தேயுமா?" குளிசை குறையக் குறைய வீக்கமும் குறையும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதைத் தங்கை மறைக்காமல், கூட்டாமல் சொன்னாள்.

இன்னொரு கொப்பியும் இருந்தது. காலையில் முதல் சிறுநீரைச் சோதித்து, எவ்வளவு கலங்குகிறது என்று குறித்துவர வேண்டும். ஆரம்பத்தில் அதைத் தாய் எழுதினாள். பிறகு அந்தப் பொறுப்பையும் மகளிடமே கொடுத்தாள். மூன்று நாள் தொடர்ந்து தெளிந்திருந்தால் நோய் அடங்கியிருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து கடுமையாகக் கலங்கினால் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். வரைபுக்கட்டத் தாளில் புள்ளியிட்டுக் கோடு இழுக்கும் பாடத்தை அவள் தன் உடம்பைக்கொண்டே படித்தாள். பிறகு கிளினிக்கில் வைத்தியர் தாயிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மகள்தான் பதில் சொன்னாள்.

உப்பும் அப்படித்தான் பாடமாகியது. அவளுக்கு உப்புக் குறைத்த சாப்பாடு. நம் நாட்டில் பொதிசெய்த உணவுகளில் சீனி, உப்பு, கொழுப்பு எவ்வளவு என்று சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் அடையாளமிடுகிறார்கள் அல்லவா? வெற்றுப் பொதிகளைச் சேர்த்து, உப்பில் சிவப்பு உள்ளவை ஒரு பக்கம், பச்சை உள்ளவை ஒரு பக்கம் என்று ஒட்டிக் குசினிச் சுவரில் தொங்கவிட்டாள். தம்பிமார் கடைக்குப் போனால் நிறம் பார்த்து வாங்கப் பழகினார்கள்.

மின்வெட்டும் நோன்பும்

2022ஆம் ஆண்டு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மச்சான் இரவு பகலாக எரிபொருள் வரிசையில் நின்றார். அந்த நாட்களில் விடுமுறைக்கு வந்திருந்த நான், ஓர் இரவு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஊரே இருண்டு கிடந்ததால் வானம் அப்படித் தெளிவாகத் தெரிந்தது.

மேற்குப் பக்கம் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும் கூட்டத்தைக் காட்டினேன். அதன் கால் பக்கத்தில் மின்னும் நட்சத்திரத்தின் பெயர் 'ரைஜெல்'. அது அரபியில் காலைக் குறிக்கும் 'ரிஜ்ல்' என்ற சொல். பக்கத்தில் சிவந்து தெரியும் 'அல்டெபரான்' என்பது, பின்தொடர்ந்து வருவது என்ற பொருள்தரும் அரபுச் சொல். தாங்கள் ஓதும் மொழியின் சொற்கள் வானத்தில் இருக்கின்றன என்று அறிந்ததும் பிள்ளைகளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. சின்னவன் அடுத்த நாள் காலையில் தன் காலைத் தட்டி, "இது என்ட ரிஜ்ல்" என்றான்.

ஏப்ரலில் நோன்பு வந்தது. மகளின் தோழிகளில் பலர் அந்த வருடம் தலைநோன்பு பிடித்தார்கள். இவளும் பிடிப்பேன் என்று அடம்பிடித்தாள். வைத்தியர் கூடாது என்றுவிட்டார். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையல்ல. நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். சலுகையை ஏற்பதும் இபாதத்துதான் என்று நான் விளக்கினேன். தலையாட்டினாள், ஆனால் முகம் மாறவில்லை.

தங்கைதான் வழி கண்டாள். நோன்புக் கஞ்சியின் பொறுப்பு முழுவதையும் மகளிடம் கொடுத்தாள். எரிவாயு இல்லாததால் விறகடுப்பு. எத்தனை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், ஒரு வீட்டில் எத்தனை பேர், அதற்கு எத்தனை சுண்டு அரிசி, எத்தனை தேங்காய், அரிசி விற்ற விலைக்கு எவ்வளவு செலவு என்றெல்லாம் அவள் கொப்பியில் கணக்குப் போட்டாள். விகிதமும் பின்னமும் அடுப்படியில் பாடமாயின. தகப்பன் வரிசையில் நின்று வீட்டுக்கு வர முடியாத நாட்களில் ஒரு போத்தல் கஞ்சி அவருக்கும், பக்கத்தில் நின்றவர்களுக்கும் போனது. 'பூசணிக்காய்' என்று கூப்பிட்ட பிள்ளைகளின் வீடுகளும் அவள் பட்டியலில் இருந்தன. யாரும் சொல்லி அவள் அவற்றைச் சேர்க்கவில்லை.

நிழல் காட்டிய திசை

நான் மிகவும் ரசித்த வேலை கிப்லா பார்த்ததுதான். வருடத்தில் இரண்டு தடவை சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வரும். இலங்கை நேரப்படி மே 28ஆம் திகதி பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16ஆம் திகதி பிற்பகல் 2.57க்கும். அந்த நேரத்தில் நிலத்தில் நிமிர்த்தி நட்ட ஒரு குச்சியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கிப்லா. கருவி ஏதும் தேவையில்லை.

மே மாதம் மழை கெடுத்துவிட்டது. பிள்ளைகள் ஜூலை வரை காத்திருந்தார்கள். அப்போது எரிபொருள் தட்டுப்பாட்டினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன, தம்பிமாரும் வீட்டில். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் குச்சி நேராக நிற்கிறதா என்று பார்த்தார்கள். நேரம் வந்ததும் நிழலின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்தார்கள். பாகைமானி வைத்து அளந்தபோது, எங்கள் பகுதிக்குக் கிப்லா நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாகச் சுமார் 24 பாகை திரும்பியது என்று தெரிந்தது.

மகள் உள்ளே ஓடிப்போய் உம்மாவின் தொழுகைப் பாயைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள். "இந்த வீட்டுக்கு வந்த நாள்ள இருந்து தொழுற எனக்கு நீ கிப்லா காட்ட வாறியா?" என்று உம்மா அதட்டினா. மகள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கோட்டைக் காட்டினாள். உம்மா கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "மகனே, அப்ப நான் தொழுதது?" என்று என்னைக் கேட்டா. முடிந்தவரை முயன்று தொழுதவருக்குக் கவலை வேண்டாம் என்று ஆறுதல் சொன்னேன். அன்று அஸரை உம்மா பேத்தி திருப்பிய பாயில் தொழுதா.

சிறு சிறு பயணங்கள்

சோதனை பல வாரம் தெளிந்திருந்த பிறகு, வைத்தியரின் சம்மதத்தோடு வெளியே போகத் தொடங்கினார்கள். முதலில் நடை தூரத்தில் மகா ஓயாவின் மேலிருக்கும் பழைய கற்பாலம். தினமும் அதன் வழியே போகிறவர்கள் நின்று பார்ப்பதில்லை. பிள்ளைகள் நின்று அதன் வளைவுகளை வரைந்தார்கள். அடுத்தது ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்குப் புகையிரதம். 1867இல் கண்டி வரை ஓடத் தொடங்கிய பாதை அது. நிலையங்களில் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, ஆயிரம் அடிக்கு மேல் ஏறிவிட்டோம் என்று பையன்கள் பெட்டி முழுக்கக் கேட்கச் சத்தமிட்டார்கள். உப்பில்லாத சோற்றுப் பொதி வீட்டிலிருந்தே போனது. செலவு பயணச்சீட்டுக்கு மட்டும்தான்.

2022 செப்டெம்பரில் மகள் பாடசாலைக்குத் திரும்பினாள். அந்த டிசம்பர் விடுமுறையில் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குப் போனோம். நானும் கூடச் சென்றேன். 1877இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்ற நம் சமூகத்துக் கட்டடக்காரர். அதற்குக் கைம்மாறாக என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாகச் சொல்லப்படுகிறது.

உள்ளே காலியிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ நாட்டியது. அதிலுள்ள ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அது ஒரு வாய்க்காலுக்கு மூடியாகக் கிடந்து, 1911இல்தான் கண்டெடுக்கப்பட்டது. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது. மகள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, அரபு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி, "மாமா, இது 'லாம்' தானே?" என்று கேட்டாள். காட்சிக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதை மூட அவள் துணி தேடவில்லை. வீக்கம் முற்றாக வடிந்தும் இருக்கவில்லை.

தாய்மாருக்குச் சில வார்த்தைகள்

தங்கை வீட்டில் ஒரு மூன்றாவது கொப்பியும் உண்டு. அதில் பிள்ளைகள் எட்டிய படிகளைத் திகதி போட்டு எழுதிவைத்திருக்கிறாள். புள்ளிகளோ வகுப்பில் எத்தனையாம் இடம் என்பதோ அதில் இல்லை. 'மகள் தன் குளிசையைத் தானே எண்ணி எடுத்த நாள்', 'குர்ஆன் தமாம் செய்த நாள்', 'பெரியவன் உம்மும்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த நாள்', 'மகள் தனக்கு என்ன நோய் என்பதைத் தம்பிக்கு விளக்கிய நாள்', 'பாடசாலைக்குத் திரும்பிய நாள்'. நான் வாசித்த வரலாறுகளில் அதுவும் ஒன்று.

சகோதரிகளே, ஓ.எல். வரை படித்த ஒரு தாய் இவ்வளவும் செய்தாள். அவளிடம் பணமோ விசேட பயிற்சியோ இருக்கவில்லை. பிள்ளைக்கு விளையாட்டு வேலை கொடுக்காமல், வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட வேலையைக் கொடுத்தாள். அதை முடிக்கும் வரை பொறுத்திருந்தாள். உங்கள் பிள்ளைகள் பாடசாலைக்குப் போனாலும் வீட்டில் இதை நீங்கள் செய்யலாம்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் படிப்பிப்பது பிள்ளையை உலகத்துக்கு அனுப்புவதற்காக இருக்க வேண்டும். உலகத்திலிருந்து ஒளிப்பதற்காக அல்ல. குறிப்பாகப் பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துவதற்கு 'வீட்டுக் கல்வி' என்று அழகான பெயர் சூட்டாதீர்கள். மார்க்கத்தையும் அதற்குத் துணைக்கு அழைக்காதீர்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் 2,210 ஹதீஸ்களை அறிவித்தவர்கள். அவர்களுடைய வீடே கல்விக்கூடமாக இருந்தது. மூத்த ஸஹாபாக்களும் சந்தேகம் தீர்க்க அந்த வாசலுக்கு வந்தார்கள். அந்த வீட்டின் கல்வி சுவருக்குள் நிற்கவில்லை.

நோய் காரணமாகப் பிள்ளை வீட்டில் இருக்க நேர்ந்தால் வைத்தியரின் கடிதத்தை அதிபரிடம் கொடுங்கள். இடாப்பில் பெயர் இருக்கட்டும். வகுப்பாசிரியையோடு தொடர்பை விடாதீர்கள். புத்தகப் பை பிள்ளையின் கண்ணில் படும் இடத்திலேயே இருக்கட்டும்.

இதை வாசித்துவிட்டு ஏதாவது ஒன்றைத் தொடங்க விரும்பினால், வரும் மே 28ஆம் திகதி பிற்பகல் 2.48க்கு முற்றத்தில் ஒரு குச்சியை நடுங்கள். கோடு இழுக்கும் சுண்ணாம்புக் கட்டியை மகளின் கையில் கொடுங்கள். மழை வந்தால் ஜூலை 16 இருக்கிறது. அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவையும் சுகத்தையும் தருவானாக.

வஸ்ஸலாம்.